எண்பத்தெட்டுக்குக் கீழே

குரங்கணி மேல்காடு
18.8.2024

தம்பி இனியவனுக்கு அம்மா எழுதுவது.

ஸ்டோர் சாவியை நீ கோயம்புத்தூருக்கே எடுத்துப் போய்விட்டாய் என்பது நீ பஸ் ஏறின அன்றைக்கே தெரிந்துபோனது. ஆணியில் தொங்க வேண்டியது ஆணியில் இல்லை. கோபம் தணிந்தால் தபாலில் அனுப்புவாய் என்று பொறுத்துப் பார்த்தேன். வரவில்லை. பறித்த ஏலக்காய் உனக்காகக் காத்திருக்குமா? ஈரத்தோடு கிடந்தால் கறுத்துவிடும். உலர்த்தும் ஸ்டோர் ஒன்று சொந்தமாக இருக்கும்போது காயைச் சாக்கில் கட்டி வைத்துக்கொண்டு அழ முடியாது. பொன்னுமணி ஜீப்பில் இருந்து கடப்பாரையைக் கொண்டுவந்தான். "சின்னம்மா, தம்பி கேட்டா நான் இல்லேன்னு சொல்லிருங்க" என்றான். ஒரே நெம்பு. நல்ல பூட்டு, பாவம். அவன்தான் உடைத்தான் என்று நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே.

ஏன் ஃபோனில் பேசாமல் எழுதுகிறாள் என்று நினைப்பாய். சிக்னல் கிடைக்கிற வளைவு வரைக்கும் நடந்தால் மூச்சு வாங்குகிறது. அங்கே போய் உன்னிடம் பேசினால் இன்னும் வாங்குகிறது. நான் "ஏலே" என்று ஆரம்பிப்பதற்குள் நீ நாலு கேள்வி கேட்டு, நாலுக்கும் நீயே பதிலும் சொல்லிவிடுகிறாய். தாளில் நீ குறுக்கே விழ முடியாது. எத்தனை வரி எழுதினாலும் எனக்கு மூச்சு முட்டவில்லை. இனிமேல் இப்படித்தான்.

உன் பேச்சை மீறிவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. "நீ ஸ்டோருக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்றாய். வைக்கவில்லை. நெருப்பைப் பொன்னுமணி பெண்டாட்டி வீரலட்சுமிதான் பார்க்கிறாள். நான் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கத்தினால் இருமல் வருகிறது, அதனால் கையைத் தட்டுகிறேன். ஒரு தட்டு என்றால் விறகைத் தள்ளு, இரண்டு தட்டு என்றால் இழு. அவளுக்கு அதில் ஒரே சிரிப்பு.

ஆக்சிஜன் மிஷின் வந்து சேர்ந்தது. சாய்ந்தால் கெட்டுப்போகும் என்று, பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு வருகிற மாதிரி பொன்னுமணி ஜீப்பை ஓட்டினான். தேனி டாக்டர் எழுதிக்கொடுத்தபடி இரண்டில் வைத்திருக்கிறேன். வீட்டில் வோல்டேஜ் இறங்கி இறங்கி வருகிறது, மிஷின் கத்தியது. அதற்கும் ஒரு வழி பண்ணிவிட்டோம். காற்று நன்றாக இருக்கிறது. லேசாக ஏலக்காய் வாசம்கூட வருகிறது.

நம்பரை எழுதச் சொன்னாய். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற கிளிப்பை விரலில் மாட்டினேன். தொண்ணூற்று மூன்று. உன் நிபந்தனை மறக்கவில்லை. எண்பத்தெட்டுக்குக் கீழே போனால் நான் மலையை விட்டு இறங்கிப் போடி வீட்டுக்குப் போய்விட வேண்டும், இந்தப் பருவத்துக் காய் முழுவதும் மொக்கையன் ஸ்டோருக்குப் போக வேண்டும். அந்த ஆள் காயை உலர்த்துவதில்லை, வறுக்கிறான். பச்சையாய் உள்ளே போவது வைக்கோலாய் வெளியே வரும். தொண்ணூற்று மூன்று. எழுதி வைத்துக்கொள்.

அப்பா தேவாரம் ஊர்த் தோட்டத்தில்தான். மக்காச்சோளத்துக்கு யானை வந்துவிட்டுப் போனது, பரணிலேயே படுத்துக்கொள்கிறார். யானைக்குப் பயந்து அங்கே இல்லை, நம் இரண்டு பேருக்கும் பயந்துதான் என்று நினைக்கிறேன்.

மொக்கையன் பெண்டாட்டி அன்னக்கொடி கேட்டாள்: "ஒம் மகென் டாக்டருக்குப் படிக்கிறானா, நர்சுக்கா?" நான் "ரெண்டுக்கும் நடுவுல" என்றேன். சரியான பதிலை எழுது.

அம்மா
அய்யம்மாள்


கோயம்புத்தூர்
26.8.2024

அம்மா,

நலம் விசாரிக்கிற வரிகளை நீயே சேர்த்துப் படித்துக்கொள். எனக்கு நேரம் இல்லை.

சாவி என்னிடம்தான் இருக்கிறது. தர மாட்டேன். உன் நுரையீரலைத் தின்றதே அந்த ஸ்டோர் புகைதான். பீடி, சிகரெட் எதையும் தொடாத ஒருத்திக்கு இந்த நோய் எப்படி வந்தது என்று தேனி டாக்டர் கேட்டபோது நீ கூரையைப் பார்த்தாய், நான்தான் பதில் சொன்னேன். ஞாபகம் இருக்கட்டும். பொன்னுமணி அண்ணனிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

இனி விஷயம். ஆக்சிஜன் ஒரு மருந்து. சும்மா காற்றுதானே என்று நினைக்காதே. இரண்டு லிட்டர் என்றால் இரண்டு. மூச்சு வாங்குகிறது என்று நீயாக மூன்றுக்கும் நாலுக்கும் திருப்பாதே. புகையில் தளர்ந்துபோன நுரையீரலுக்கு உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கஷ்டம். அளவுக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் கரியமில வாயு உள்ளேயே தேங்கும். தேங்கினால் காலையில் தலைவலி, பகலில் தூக்கம், அப்புறம் தட்டினாலும் எழுந்திருக்காத தூக்கம். அதனால்தான் மற்றவர்களுக்குத் தொண்ணூற்றெட்டு நல்ல எண், உனக்கு எண்பத்தெட்டில் இருந்து தொண்ணூற்றிரண்டு. உன் தொண்ணூற்று மூன்று எல்லையில் நிற்கிறது. பரவாயில்லை.

மூக்கு காய்ந்தால் தேங்காய் எண்ணெய், தைலம் எதையும் தடவாதே. எண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்த இடத்தில் ஒரு பொறி போதும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எரிகிற இடத்துக்குக் குழாயோடு போகாதே. இரவில் கழற்றிவிட்டுத் தூங்காதே, தூக்கத்தில்தான் எண் இறங்கும். கண்ணாடியைப் பார்த்து, குழாயின் வளைவு கீழ்நோக்கி இருக்கிறதா என்று சரிபார்.

ஏலக்காய் வாசம், மல்லிகை வாசம் எல்லாம் எனக்கு வேண்டாம். எண்ணை மட்டும் எழுது.

அன்னக்கொடி அத்தைக்குப் பதில்: டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். மூச்சு மட்டுமே என் வேலை. வென்டிலேட்டரை எவ்வளவு அழுத்தத்தில் ஓட்டுவது, எப்போது குறைப்பது என்று பார்ப்பேன். மணிக்கட்டில் ரத்தம் எடுத்து உள்ளே எந்த வாயு எவ்வளவு என்று அளப்பேன். குழாயைக் கழற்றியவனை இருமவைத்து, நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்புவேன். இப்போது எல்லாமே இன்னொருவர் கையெழுத்தின் கீழ். அக்டோபர் ஒன்பதாம் தேதி கடைசி செய்முறைத் தேர்வு. அது முடிந்தால் சான்று, சான்று இருந்தால் பதிவு, அதன் பிறகுதான் என் பொறுப்பில் ஒரு நோயாளி. தேறினால் இதே ஐ.சி.யு.வில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சொன்னவர்களே நேற்று என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். ஒரு நோயாளியின் மகன் புகார் கொடுத்துவிட்டான். நான் சொன்னது இவ்வளவுதான்: "உங்கப்பா ஆக்சிஜனைக் கழட்டி வச்சிட்டு பாத்ரூம்ல பீடி குடிச்சா நான் என்ன சார் பண்ண?" இதில் எந்த வார்த்தை பொய்?

இனியவன்


குரங்கணி மேல்காடு
14.9.2024

தம்பிக்கு,

உன் கடிதத்தை வீரலட்சுமிக்கு வாசித்துக் காட்டினேன். "தம்பி எழுதிருக்காகளா, வையிறாகளா?" என்றாள். இரண்டும்தான் என்றேன்.

எண்ணெய் தடவவில்லை. ஊதுபத்தியும் கொளுத்தவில்லை. சாமிக்குப் பூ மட்டும்தான், அது கோபித்துக்கொண்டால் உன்னிடம் அனுப்பிவிடுகிறேன். இரவில் குழாயோடுதான் தூங்குகிறேன். நம்பர் தொண்ணூற்று ஐந்து. நேற்று தொண்ணூற்று ஆறு. உன் மிஷினுக்கு என்மேல் பிரியம் வந்துவிட்டது போல.

இந்த ஈடு காய் நிறம் பார்த்தாயானால் விடமாட்டாய். போடி ஏலத்துக்கு எடுத்துப்போன பொன்னுமணி, அங்கே ஒரு வியாபாரி நம் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது யார் ஸ்டோரு?" என்று கேட்டதாகச் சொன்னான். வெளியே உட்கார்ந்து கை தட்டியே இந்த நிறம் கொண்டுவந்திருக்கிறேன்.

காலையில் எழுந்தால் தலை கொஞ்சம் பாரமாக இருக்கிறது. மழை விடாமல் பெய்வதால் இருக்கும். பகலில் நாற்காலியிலேயே கண் சொருகிவிடுகிறது. முந்தாநாள் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன், வீரலட்சுமி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுச் செம்புச் செம்பாகத் தண்ணீர் குடித்தாள். குளிரும் கூடிவிட்டது. விரல் நகமெல்லாம் ஏலப்பூவுக்குள் ஓடுகிற கோடு மாதிரி ஊதாவாகத் தெரிகிறது. கம்பளியை எடுத்து வெயில் காட்டலாம் என்றால் வெயில் இல்லை.

அப்பா வந்து இரண்டு நாள் இருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, நல்லாத்தானே இருக்க?" என்றார். "தொண்ணூத்தாறு" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டிவிட்டுத் தேவாரத்துக்கே போய்விட்டார்.

நீ சாப்பிடுகிறாயா? ஆஸ்பத்திரிக்காரர்கள் பேச்சைக் கேள். உண்மையையே கொஞ்சம் இளக்கிச் சொன்னால் உன் வாய்க்கு என்ன நஷ்டம்?

அம்மா


கோயம்புத்தூர்
21.9.2024

அம்மா,

காலையில் தலைவலி. பகலில் தூக்கம். தடுமாற்றம். எண் தொண்ணூற்றாறு. இதைத்தான் போன கடிதத்தில் எழுதினேன், நீ வரிசையாக அப்படியே திருப்பி எழுதியிருக்கிறாய். உனக்கு ஆக்சிஜன் அதிகமாகப் போகிறது. கரியமில வாயு தேங்குகிறது. திருகியை நீ கூட்டி வைத்திருக்கிறாயா என்று கேட்டால் இல்லை என்பாய். அதனால் கேட்கவில்லை.

பொன்னுமணி அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். "சின்னம்மா நல்லாத்தான் இருக்காக தம்பி, என்ன, தூங்கித் தூங்கி விழுறாக" என்றார். சரியாகப் போயிற்று.

இந்தக் கடிதம் கிடைத்த உடனே ஒரு லிட்டருக்குக் குறை. எண் தொண்ணூறுக்கு இறங்கினால் பயப்படாதே, அதுதான் உனக்குச் சரியான இடம். தூக்கம் தெளியும். தெளியாவிட்டால் தேனிக்குப் போய் ரத்தத்தில் வாயு அளவு பார்க்க வேண்டும்.

தேர்வுக்கு இன்னும் சில நாள்தான். பாடத்தில் இருப்பதை நீ எனக்கு உதாரணமாக நடத்திக் காட்டுகிறாய், அந்த வகையில் நன்றி.

இனியவன்


குரங்கணி மேல்காடு
3.10.2024

தம்பிக்கு,

ஒன்றில் வைத்துவிட்டேன். நீ சொன்னபடி ஒன்றில். நம்பர் தொண்ணூற்று ஏழு.

பொன்னுராசு ஜீப்பு எடுக்கக் காத்திருக்கிறான், வெரசாக எழுதுகிறேன். மழை. காய் ஸ்டோரில் இருக்கிறது. வீரலட்சுமி பார்க்கிறாள். நான் கையைத் தட்டினேன், ஒன்றா இரண்டா என்று எனக்கே மறந்துவிட்டது.

ஒன்பதாம் தேதி பரிட்சை நல்லபடியாக எழுது. நல்லபடியாக எழுது. அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். காற்றில் வாசம் இப்போது நன்றாகவே வருகிறது, ஸ்டோருக்குள் நிற்கிற மாதிரியே.

நீ சொன்னபடி ஒன்றில் வைத்துவிட்டேன்.

அம்மா


போடிநாயக்கனூர்
2.11.2024

தம்பி இனியவனுக்கு,

கை நடுங்காமல் எழுதுகிறேன், பார்த்துக்கொள். போன கடிதத்தில் பொன்னுமணியைப் பொன்னுராசு என்று எழுதியிருந்தேனாம், நீ அவனிடம் சொன்னாயாம். "செத்துப்போன ஒங்க தம்பி பேரையா சின்னம்மா எனக்கு வச்சீக?" என்று இப்போதும் கேலி செய்கிறான். ஜீப்பில் என்னைப் போட்டுக்கொண்டு மலை இறக்கியவன் அவன்தான், கேலி செய்ய அவனுக்கு உரிமை உண்டு.

தேனி ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி பஸ் பிடித்து வந்து நின்றாய். குழாயைச் சரி பண்ணினாய். நர்சிடம் சண்டை போட்டாய். மேல்காட்டுக்குப் போய் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் கண் தெளிந்து உட்கார்ந்த அன்றைக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டாய். நானும் பேசவில்லை, முகமூடி போட்டிருந்தது. அது எடுத்த பிறகும் பேசவில்லை.

ஆனால் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. தீபாவளிக்கு ராம்பிரசாத் பலகாரத்தோடு வந்தான். உன்கூடப் படிக்கிற பையன் தேறிவிட்டானே என்று சந்தோஷமாகக் கேட்டேன், இனியவனும் தேறிவிட்டான்தானே என்று. திருதிருவென்று முழித்தான். "அவென் சொல்லலையாம்மா? பாதியில எந்திரிச்சுப் போயிட்டான்" என்றான். ஏலே, பரிட்சையை விட்டுவிட்டா ஓடி வந்தாய்? எனக்கு உடம்பு முடியவில்லை என்று யாரும் உனக்குச் சொல்லவில்லையே. பொன்னுமணி சொல்லவில்லை, அப்பாவுக்கே தெரியாது. யார் சொல்லி எழுந்தாய்? அந்த வேலையும் போய்விட்டதாமே?

நீ ஒன்றைச் சொல்லும் முன்னால் நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்பரெல்லாம் பொய். மிஷின் வந்த அன்றைக்கே எண்பத்தாறுதான் காட்டியது. நீ எண்பத்தெட்டில் ஒரு கோடு போட்டாய், நான் கோட்டுக்கு மேலேயே எழுதினேன். தினமும் ஒரே நம்பர் எழுதினால் சந்தேகப்படுவாய் என்று கூட்டிக் கூட்டி எழுதினேன். தொண்ணூற்றிரண்டுக்கு மேல் வேண்டாம் என்று நீ எழுதியிருந்ததும் தெரியும். மார்க்கு கூடினால் எந்தப் பிள்ளைதான் வருத்தப்படும் என்று நினைத்துவிட்டேன்.

நீ குறைக்கச் சொன்னது அந்தப் பொய்யை நம்பித்தான். அதனால் அதை நினைத்து மனதில் வைத்துக்கொள்ளாதே. பரிட்சைக்குத்தான் பதில் வேண்டும்.

அம்மா


கோயம்புத்தூர்
9.11.2024

அம்மா,

ராம்பிரசாத்துக்கு வாயில் பூட்டுப் போட வேண்டும். சாவியை நானே வைத்துக்கொள்வேன்.

சொல்கிறேன். தேர்வறையில் முதல் கேள்வி முதல் வருசக் கேள்வி. பையன் பதற்றம் தணியட்டும் என்று கேட்பார்கள். "ஆக்சிஜனோட இயல்புகளைச் சொல்லுங்க." எனக்கு எரிச்சல். இதற்கா இத்தனை நாள் படித்தேன் என்று கடகடவென்று ஆரம்பித்தேன். "நிறம் இல்லை. மணம்..."

அதற்கு மேல் வரவில்லை. உன் மூன்றாவது கடிதம் முந்தின நாள்தான் வந்திருந்தது. சட்டைப் பையில் இருந்தது. ஸ்டோருக்குள் நிற்கிற மாதிரி வாசம் வருகிறது என்று எழுதியிருந்தாய். முதல் கடிதத்திலும் எழுதியிருந்தாய். ஆக்சிஜனுக்கு மணம் கிடையாது என்று அங்கே நின்று சொல்லப் போகிறவன், வாசத்தை எழுதாதே, எண்ணை மட்டும் எழுது என்று உனக்குப் பதில் போட்டிருக்கிறேன்.

"சார், ஒரு ஃபோன் பண்ணணும்" என்றேன். தேர்வாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "வெளிய போனா இன்னைக்குத் திரும்ப உள்ள வர முடியாது தம்பி." தெரியும் என்றேன்.

வராண்டாவில் நின்று பொன்னுமணி அண்ணனைப் பிடித்தேன். "அண்ணே, மிஷின் எங்க இருக்கு?" அவர் சாதாரணமாகச் சொன்னார்: "ஸ்டோருக்குள்ளதான் தம்பி. அங்கனதான் ஃபேன் மோட்டாருக்கு ஸ்டெபிலைசர் போட்டிருக்கு. குழாயை மட்டும் சன்னல் வழியா வெளிய, கட்டில் வரைக்கும் இழுத்துவிட்டிருக்கோம். சின்னம்மா உள்ள போறதே இல்ல, நீங்க சொன்ன மாதிரியே."

நான் சொன்ன மாதிரியே. உன்னை உள்ளே போகக் கூடாது என்றேன், நீ போகவில்லை. மிஷினைப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது போய் நெருப்பு வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. உன்னை உடனே ஜீப்பில் தேனிக்கு இறக்கச் சொல்லிவிட்டு நான் ராத்திரி பஸ் பிடித்தேன்.

அந்த மிஷின் ஆக்சிஜனை உண்டாக்குவதில்லை. தன்னைச் சுற்றி இருக்கிற காற்றை இழுக்கும். உள்ளே மணல் மாதிரி ஒரு குருணை இருக்கிறது, அது நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குழாயில் விடும். குருணை ஈரம் பட்டால் செத்துவிடும். காயில் இருந்து வெளியேறுகிற ஈரம், சூடு, புகை எல்லாவற்றையும் அது பகலும் இரவும் குடித்திருக்கிறது. நான் கொண்டுவந்து அளந்து பார்த்தபோது குழாயில் வந்த காற்றில் ஆக்சிஜன் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நல்ல மிஷினில் தொண்ணூறைத் தாண்டி இருக்கும். அது கெட்டுப்போனால் காட்டுவதற்கு ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் மேல் உன் ஸ்டிக்கர் பொட்டு.

ஆகவே உனக்கு ஆக்சிஜன் அதிகமாகவில்லை. வருவதே பாதி, அதை நான் இன்னும் பாதியாக்கினேன். தூக்கமும் தலைவலியும் இரண்டு வழியிலும் வரும். நகம் ஊதா என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுக் குளிர் என்று நானும் நினைத்தேன். எண்ணை நம்பினேன் என்று நீ எனக்குச் சாக்குச் சொல்லித் தருகிறாய். வேண்டாம். செப்டம்பர் கடிதம் என் தப்பு. இதை ஒரு தரம்தான் எழுதுவேன்.

வேலை போய்விட்டது, உண்மைதான். வேறு ஆள் போட்டுவிட்டார்கள். துணைத் தேர்வு ஜனவரி இருபத்திரண்டு. அது வரைக்கும் இதே வார்டில் ஓடிக்கொண்டிருப்பேன். தேறினால் வேறு எங்காவது கிடைக்கும், மூச்சு முட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

நீ மறுபடி மேலே ஏறாமல் இருக்க மாட்டாய் என்று தெரியும். தேனி டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, புது மிஷினுக்கு வீட்டிலேயே தனி லைன் இழுத்து ஸ்டெபிலைசர் போட்ட பிறகு ஏறு. மிஷின் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நிபந்தனை பழையதுதான். எண்பத்தெட்டு. ஆனால் இந்தத் தரம் உண்மையான எண்பத்தெட்டு.

உடைந்த பூட்டைப் பார்த்தேன். சாவி இன்னும் என் பையில்தான் கிடக்கிறது. எதற்கென்று தெரியவில்லை.

இனியவன்


கோயம்புத்தூர்
8.1.2025

அம்மா,

நீ மேல்காட்டுக்கு ஏறிய பிறகு எழுதிய இரண்டு கடிதத்திலும் எண் தொண்ணூறு, எண்பத்தொன்பது. நம்புகிறேன். இருந்தாலும் எண்ணோடு நிறுத்தாதே. நகம் என்ன நிறம், காலையில் தலை எப்படி, சளி என்ன நிறத்தில் வருகிறது, உன் குழம்பில் உப்பு எப்படி என்று வீரலட்சுமி அக்கா என்ன சொல்கிறார், எல்லாவற்றையும் எழுது. காற்றில் எதுவும் மணக்கிறதா என்றும் எழுது.

தேர்வு நெருங்குவதால் பொங்கலுக்கு வரவில்லை. ராம்பிரசாத் வருவான். அவனிடம் எதையும் கேட்காதே.

வார்டில் ஒரு அம்மா மூன்று நாளாக என்னிடம் ஏதோ சொல்ல வந்து, நான் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பதால் சொல்லாமலே இருந்திருக்கிறார். நேற்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றேன். முகமூடி மூக்குத்தியில் அழுத்தி வலிக்கிறதாம். அதனால்தான் இரவில் கழற்றிவிடுகிறார். வேறு முகமூடி மாற்றினேன். இதை எந்த மானிட்டரும் சொல்லியிருக்காது.

இனியவன்


குரங்கணி மேல்காடு
19.1.2025

தம்பி இனியவனுக்கு அம்மா எழுதுவது.

ராம்பிரசாத் இன்று கோயம்புத்தூருக்குத் திரும்புகிறான். போடி பஸ் ஸ்டாண்டில் அவன் கையில் இதைப் பொன்னுமணி கொடுப்பான். உனக்குப் பரிட்சைக்கு முன்னாலேயே கிடைத்துவிடும். கொடுக்காமல் பரிட்சை முடிந்த பிறகு அனுப்பலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். வேண்டாம் என்று தோன்றியது. மறைத்து எழுதி ஒரு தரம் பார்த்தாகிவிட்டது.

பொங்கலில் இருந்து சளி. முதலில் வெள்ளை, இப்போது மஞ்சள். காலையில் கிளிப்பை மாட்டினேன், எண்பத்தேழு. குளிராக இருக்கும் என்று கையைத் தேய்த்துச் சூடு பண்ணி மறுபடி மாட்டினேன், எண்பத்தேழுதான். கிளிப்பு கெட்டுவிட்டதோ என்று வீரலட்சுமி விரலில் மாட்டினேன், அவளுக்குத் தொண்ணூற்றெட்டு. மிஷின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, எதன் மேலும் பொட்டு இல்லை. குழாயை முழுசும் கையால் உருவிப் பார்த்தேன், மடங்கவில்லை. குழாய்க் காற்றில் எந்த மணமும் இல்லை. ஆகவே கோளாறு என்னிடம்தான். உப்பு மட்டும் சரியாக இருக்கிறதாம், வீரலட்சுமி சொல்லச் சொன்னாள்.

திருகியை நான் தொடவில்லை. இரண்டில்தான் இருக்கிறது.

கடைசிப் பறிப்பு முந்தாநாள் முடிந்தது. காய் சாக்கில் ஈரத்தோடு இருக்கிறது. பொன்னுமணியைவிட்டு மொக்கையனுக்குச் சொல்லி அனுப்பினேன். அந்த ஆளே ஆள் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "அக்கா, ஒங்க காயை நான் கெடுத்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லாதீக, எப்படி உணத்தணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். சூட்டை மெல்ல ஏற்றச் சொன்னேன். தலையாட்டினார். கேட்க மாட்டார். போகட்டும், ஒரு ஈடு வைக்கோல் நிறத்தில் போனால் ஏலத்துக்காரர்கள் செத்துவிட மாட்டார்கள். அன்னக்கொடியும் வந்திருந்தாள். உன்னைப் பற்றி மறுபடி கேட்டாள். "மூச்சு பார்க்கிறவன்" என்றேன். அவளுக்கு விளங்கிவிட்டது. நீ அத்தனை வரி எழுதியிருக்க வேண்டியதில்லை.

ஸ்டோர் நெருப்பை அணைத்தாகிவிட்டது. புதுப் பூட்டு வாங்கிவரச் சொல்லி நானே பூட்டினேன். சாவி இந்தக் கவருக்குள் இருக்கிறது. நீ வைத்திருக்கிற சாவிக்குப் பூட்டு இல்லை, அதை எறிந்துவிடு. இதற்கு வேறு சாவி கிடையாது. கடப்பாரையைப் பொன்னுமணி அவன் வீட்டில் இறக்கி வைத்துவிட்டான்.

இனி நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். இதைப் படித்த உடனே பையைத் தூக்குவாய். தூக்காதே. நீ வந்து என்னவெல்லாம் செய்வாயோ அதையெல்லாம் நான் செய்துவிட்டேன். தேனி டாக்டருக்கு ஃபோன் பண்ணியாகிவிட்டது, முதலில் தேனிக்குப் போய்க் காட்டிவிட்டுத்தான் திரும்பிப் போடி வீட்டுக்கு. அப்பா தேவாரத்தில் இருந்து நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிடுவார், யானை ஒரு நாள் தின்றுவிட்டுப் போகட்டும். வழிக்குச் சின்ன சிலிண்டர் இருக்கிறது, ஜீப்பில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நீ இங்கே வந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை, நர்சிடம் சண்டை போடுவதைத் தவிர.

அங்கே அவர்கள் அதே கேள்வியைக் கேட்டாலும் கேட்கலாம். இந்தத் தரம் எழுந்திருக்காதே. நிறம் இல்லை. மணம் இல்லை. ருசியும் இல்லை. முழுசும் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியைக் கேள் என்று உட்கார்ந்திரு.

பொன்னுமணி ஹாரன் அடிக்கிறான். இறங்குகிறேன்.

அம்மா
அய்யம்மாள்